ஒற்றை லைன் பிரேக்: மோரிஸ் மைனரை வீட்டில் வைத்தே சரிசெய்த அனுபவம்

மோரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரில் பிரேக் ஆயில் ஊற்றும் இடம் பானட்டுக்குள் இல்லை. டிரைவர் காலடியில் கிடக்கும் மேட்டைத் தூக்கி, தரைத் தகட்டில் உள்ள மூடியைக் கழற்றினால்தான் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் தலை தெரியும். கண்ணில் படாத இடம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்கூட இதைத் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கார் கொட்டகைகளில் நிற்கும் பழைய வண்டிகளை நான் பார்த்தவரைக்கும், இஞ்சினுக்கும் பெயின்டுக்கும் கிடைக்கிற கவனிப்பில் பாதிகூட பிரேக்குக்குக் கிடைப்பதில்லை.

எங்கள் வண்டி ஐயா (தாத்தா) வாங்கிய மைனர் 1000, 948 சிசி. காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையில்தான் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இந்த ஊர்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, பொங்கல் என்றால் வீடு நிறையும். மற்ற நாட்களில் முகப்புக் கதவு பூட்டியே இருக்கும். வண்டியும் அப்படித்தான், வருடத்தில் சில வாரம் ஓடும், மிச்ச நாளெல்லாம் நிற்கும். இஞ்சினை மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்க ஆள் ஏற்பாடு செய்கிறோம். பிரேக் பெடலை மிதித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை.

ஓடுவதால் தேய்கிற பிரேக்கைவிட, நிற்பதால் கெடுகிற பிரேக் ஆபத்தானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். தேய்மானம் சத்தம் கொடுக்கும், பெடல் இறங்கும், நமக்குத் தெரியவரும். நிற்கிற வண்டியில் கேடு உள்ளே நடக்கிறது. டாட் 3, டாட் 4 எனத் தரம் பிரித்து விற்கும் கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்துவிட்டால் அதற்கான அளவு 140 டிகிரி. டாட் 4-க்கு 230-ம் 155-ம். ஆனால் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் கொதிநிலையைவிடப் பெரிய பிரச்சினை துரு. அந்த ஈரம் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தங்கி இரும்பை அரித்துக் குழி போட்டுவிடும்.

சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றைக் கழற்றி, காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், "குழியெல்லாம் கீழ்ப்பக்கம்தான் இருக்கு பாருங்க, மேல வழுவழுன்னு இருக்கு. தண்ணி நின்ன எடம் இது" என்றார். அரிப்பைப் பற்றியே காலமெல்லாம் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. பிஸ்டனைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சகதி படிந்திருந்தது. ரப்பர் கப்பின் விளிம்பு அந்தக் குழிகளில் உரசி உரசிக் கிழிந்திருந்தது. இப்படிப்பட்ட சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் கிழியும். லேசான கறை என்றால் ஹோன் என்ற தேய்ப்புக் கருவி போட்டுத் தேய்த்து எடுக்கலாம். நகத்தால் வருடினால் குழி தட்டுப்படுகிறது என்றால், புதுச் சிலிண்டர் வாங்க வேண்டும், அல்லது உள்ளே பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஸ்லீவ் (உள்குழாய்) அடிக்க வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

இந்த வண்டியின் அமைப்பை ஒருமுறை மனசில் வரைந்துகொள்வது நல்லது. மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, ஆக 6. ஆயில் இவற்றின் பிஸ்டனைத் தள்ள, லைனிங் ஒட்டிய ஷூ சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும். ரப்பர் ஹோஸ் 3: முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. நடுவில் குழாய்களை இணைக்கும் பித்தளை யூனியன், அதில் பிரேக் லைட்டுக்கான பிரஷர் சுவிட்ச். இவை எல்லாம் ஒரே லைன். பிற்காலக் கார்களில் லைனை இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இதில் அது இல்லை. எந்த ஒரு இடத்தில் ஆயில் வெளியேறினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கைப்பிரேக் மட்டும்தான் மிச்சம், அதுவும் கேபிளில் வேலை செய்வதால்.

முன்பு ஒருமுறை வலதுபக்கப் பின் சக்கரம் ஒழுகியபோது ஒரு பட்டறையில் அந்தச் சிலிண்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். பெடல் நன்றாகக் கெட்டிப்பட்டது. அடுத்த கோடைக்குள் இடதுபக்கம் ஒழுக ஆரம்பித்தது. எல்லாம் ஒரே வயசு, ஒரே ஆயிலில் ஊறியவை. நீண்ட நாளாக முழு அழுத்தம் பார்க்காமல் இருந்த லைனில் ஒரு ஓட்டையை அடைத்ததும் முழு அழுத்தமும் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. அதனால் இந்தமுறை மாஸ்டர், ஆறு வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், இரும்புக் குழாய்கள், சுவிட்ச், ஷூ எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். ஒற்றை லைன் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒழுகுகிற இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், மொத்த லைனையும் பாருங்கள்.

மைனருக்கு இன்றும் இங்கிலாந்தில் பிரேக் சாமான் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்டர் போடும் முன் வண்டியின் வருஷம் தெரிய வேண்டும். 948 சிசி வண்டியில் நான்கு பக்கமும் 7 அங்குல டிரம். 1962-ல் வந்த 1098 சிசி-யில் முன்பக்கம் மட்டும் 8 அங்குலம். இரண்டுக்கும் சாமான் வேறு. பழைய ஸ்டாக் கிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். பிரிக்காத பாக்கெட்டில் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். குழாய்க்குச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் வாங்கி, ஃப்ளேரிங் டூல் வைத்து நுனி விரித்தோம். ஃபிரிட்ஜ் வேலைக்கு விற்கும் சாதாரணச் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், கையிலும் உடனே கிடைக்கும். ஆனால் வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஸ்பேனர் இன்னொரு சங்கதி. இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நெம்பினால் பித்தளை நட்டின் முனை உருண்டுவிடும், அப்புறம் அந்தக் குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே பழைய அங்குல ஸ்பேனர்கள் கிடைத்தன. தேடுகிறவர்கள் அங்கே ஒரு நடை போய்ப் பார்க்கலாம். யூனியன் நட்டுகளுக்கு மட்டும், நட்டை முக்கால்வாசி சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் புதிதாக வாங்கினேன்.

வேலை செய்யும் இடம் முக்கியம். கொட்டகையில் செம்மண் தரை, ஜாக்கி இறங்கும். அதனால் பட்டியக்கல் பாவிய பின்கட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். சமதளம், கல் அசையாது. ஜாக்கியில் தூக்கியதும் ஆக்ஸில் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை, தலை எதையும் நீட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மழைக் காற்றில் ஆயில் ஈரம் பிடிக்கும். நாங்கள் மாசியில் செய்தோம்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கருப்பும் சிவப்புமாகத் தூசி கொட்டும். சிவப்பு நம் ஊர் மண். கருப்பு லைனிங் தேய்ந்த தூள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதைக் காற்றடித்து ஊதுவதும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. நெஞ்சுக்குள் போனால் வெளியே வராத தூள் அது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் வழித்து, துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவிட வேண்டும். முகமூடி அவசியம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடவில்லை. ஒரு பக்கம் பிரித்தால் எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கும், ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். முன் சக்கரத்தில் இது ரொம்ப முக்கியம். இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் திசையிலேயே டிரம்மைக் கவ்வும்படியான அமைப்பு அது. ஒவ்வொரு ஷூவுக்கும் அதனதன் சிலிண்டர் எந்த முனையில் தள்ளுகிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

பின் சக்கரத்தில் ஷூ எண்ணெயில் நனைந்திருந்தது. பிரேக் ஆயில் அல்ல, ஆக்ஸில் ஆயில். விரலில் தேய்த்து மோந்து பார்த்தால் தெரியும். பிரேக் ஆயில் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும், கியர் ஆயில் வழுக்கிக்கொண்டே இருக்கும், நாற்றமும் வேறு. ஹப்பின் சீலையும் காகித ஜாயின்ட்டையும் மாற்றாமல் புது ஷூ போட்டால் அதுவும் நனைந்து வீண். எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு. சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வந்துவிடும். தூக்கி எறிவதே சரி.

பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வெளியே விரிசல்கூட இல்லை, பார்த்தால் இன்னும் பத்து வருஷம் வரும்போல இருந்தது. உள்ளே ரப்பர் ஊதி, துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், விட்டதும் திரும்பி வராது. சக்கரம் பிடித்த பிடியிலேயே நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஓடி நின்றதும் ஒரு டிரம் மட்டும் கொதிக்கிறது என்றால் சிலிண்டரைக் குறை சொல்லும் முன் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். மாட்டும்போது செப்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயரில் உரசவில்லை என்றும் பார்த்துவிட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்தான் இந்த வண்டியில் பெரிய சோதனை. சேஸிஸ் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ முடியாமல் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தக் கம்பி முறுக்கேறி நிற்பது, தெரியாமல் கழற்றினால் கை போகும். இந்த ஒரு வேலைக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தேன். மோரிஸ், ஆஸ்டின் காலத்திலிருந்து கை பழகியவர். வீட்டில் செய்கிற வேலை என்றால் எல்லாவற்றையும் தனியாகவே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

புது மாஸ்டரை மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, ராடால் மெதுவாகத் தள்ளித் தள்ளி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். ரப்பரில் கைபடும் இடமெல்லாம் பிரேக் ஆயில் அல்லது ரப்பர் கிரீஸ் மட்டும்தான். கழுவுவதற்கு ஸ்பிரிட். சாதாரண கிரீஸ், இஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் எது பட்டாலும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இன்னொன்றையும் காட்டினார். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள ராடில் நூலளவு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் பொடித் துவாரம் மூடியே இருக்கும். சித்திரை வெயிலில் ஓட ஓட ஆயில் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கும். பெடலைக் கையால் தொட்டால் ராட் பிஸ்டனை முட்டும் முன் லேசான ஆட்டம் தெரிய வேண்டும்.

எல்லாம் மாட்டியதும், லைனில் தங்கிய காற்றை வெளியேற்ற (இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்) நான் வீல் சிலிண்டரின் நிப்பிளைத் திறக்கக் கையை நீட்டினேன். "இருங்க தம்பி. ஏர் எடுக்கிறது கடைசி வேலை. முதல்ல அட்ஜஸ்டரை முழுசா டைட் வைங்க" என்றார் அண்ணன்.

அட்ஜஸ்டர் என்பது ஷூவை டிரம்முக்கு அருகே நகர்த்தும் திருகு. காரணம் சொன்னதும் விளங்கியது. ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி இருந்தால், பெடலின் பாதி ஓட்டம் ஷூவை நகர்த்துவதிலேயே போய்விடும். சிலிண்டர் பிஸ்டனும் வெளியே தள்ளி நிற்பதால் உள்ளே காற்று தங்க இடம் அதிகம். அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கிவிட்டால் மிதிக்கிற மிதியெல்லாம் ஆயிலையும் காற்றையும் வெளியே தள்ளுவதற்கே பயன்படும். முன் சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒன்று. வீட்டில் ஏர் எடுத்துப் பெடல் கெட்டிப்படவே இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போனவர்கள்தான்.

மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் ஊர் வண்டியில் மாஸ்டர் வலதுபக்கம், டிரைவர் காலடியில். அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முங்கியிருக்க வேண்டும். பெடலில் உட்காரும் ஆளுக்கும் நிப்பிளில் இருக்கும் ஆளுக்கும் பேச்சு சரியாக இருக்க வேண்டும். என் மகள் பெடலில் இருந்தாள். "அமுக்கு" என்றால் மெதுவாக அமுக்கி "அமுக்கியாச்சு" என்பாள். நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், பெடல் இறங்கும். இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு, "அப்பச்சி, விட்டிரவா?" என்று கேட்பாள். நான் நிப்பிளை மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுப்பாள். அந்த ஒரு கேள்வி ரொம்ப முக்கியம். திறந்திருக்கும்போது கால் எழுந்தால் வெளியேற்றிய காற்று முழுவதும் திரும்ப உள்ளே போய்விடும்.

வேகமாகக் குத்திக் குத்தி மிதிப்பது கூடாது. ஆயில் நுரைத்து, பெரிய குமிழி சிறு குமிழிகளாக உடைந்து பிடிவாதமாகத் தங்கிவிடும். முதலில் டியூபில் நீளநீளமாகக் காற்று வந்தது, பிறகு கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன, அப்புறம் ஒன்றும் இல்லாத தெளிந்த ஆயில். தெளிந்த பிறகும் இன்னும் சில தடவை எடுத்தோம். காலடியில் உள்ள தொட்டி சிறியது, சீக்கிரம் காலியாகும். வற்றி மாஸ்டருக்குள் காற்று போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஊற்றும் முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், தரையில் உள்ள தூசியெல்லாம் விழும் இடம் அது. மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தையும் ஊசியால் சுத்தம் செய்துவிடுங்கள்.

பழைய மாஸ்டரை மாற்றாமல் ஏர் மட்டும் எடுக்கிறவர்கள் பெடலைத் தரை வரைக்கும் தள்ளாமல் இருப்பது நல்லது. வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும், ரப்பர் அங்கே போய்க் கிழியும். பெடலடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் போதும்.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது, எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. திறந்து வைத்த பாட்டிலும் அப்படித்தான், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். பெயின்டில் பட்டால் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்காகவே பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தோம். கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டினால் மழைத் தண்ணீரோடு ஊரணிக்குத்தான் போகும். விஷம் அது. மூடிய கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டேன்.

ஏர் எடுத்து முடித்ததும் அட்ஜஸ்டரைச் சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்தி, பெடலை ஒரு முறை நன்றாக மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்கப்புறம் பெடல் என்ன சொல்கிறது என்று கவனித்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். பெடல் கெட்டி, ஆனால் ரொம்பக் கீழே போய்ப் பிடிக்கிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட் பாக்கி. மெத்தென்று இருக்கிறது, இரண்டு மூன்று மிதியில் மேலே வருகிறது என்றால் காற்று இருக்கிறது. முதலில் கெட்டியாக நின்று, காலை அழுத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரம் எதுவும் தெரியவில்லை என்றால் மாஸ்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் போகிறது. மகளை முழு பலத்தோடு பெடலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு யூனியனையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தேன். முன் வலது ஹோஸில் ஒரு பொட்டு ஈரம் ஏறியது. கால் சுற்று இறுக்கியதும் நின்றது. மறுநாள் காலையில் திரும்ப ஒற்றிப் பார்த்துக் காய்ந்திருப்பதை உறுதி செய்த பிறகுதான் சக்கரம் மாட்டினேன்.

முதல் ஓட்டம் தெருவுக்குள், நடக்கிற வேகத்தில். அடுத்து ஆள் நடமாட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கொத்தமங்கலம் பாதையில் கொஞ்சம் வேகம் கூட்டி, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி மிதித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. புது லைனிங் டிரம்மில் படிய நாள் எடுக்கும், அதுவரை முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி அதிகமாக விட வேண்டும். ஆடு மாடு குறுக்கே வரும் சாலைகள் நம்முடையவை. கானாடுகாத்தான், குன்றக்குடி என்று கொஞ்சம் ஓடி வந்ததும் அட்ஜஸ்டரை ஒருமுறை மேலும் ஏற்ற வேண்டியிருந்தது. லைனிங் படிந்ததற்கு அது அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது கொட்டகையில் நிறுத்தும்போது கைப்பிரேக் போடுவதில்லை. மாதக்கணக்கில் இழுத்தே விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறோம். இஞ்சினை ஸ்டார்ட் செய்ய வருகிற தம்பி பெடலையும் நன்றாக மிதித்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆயில் மாற்றிய தேதியை ஒரு அட்டையில் எழுதிக் கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கைப்பிரேக் கேபிள்கள் இன்னும் பழையவைதான், ஒன்றில் இழை விட்டிருக்கிறது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் பின் டிரம் இரண்டையும் மறுபடி திறக்க வேண்டும்.